முதலாளி மேல் புகாரை யாரிடம் கொடுப்பது?

டெலிவிஷன் பெண்களின் கதையைச் சொல்லும் 'பாம்ப்ஷெல்' படமும் ஜாதவ்பூரில் எழுந்த கேள்வியும்

2014-ம் ஆண்டு செப்டம்பர் 16-ந் தேதி இரவு. ஜாதவ்பூர் பல்கலைக் கழகத்தின் நிர்வாகக் கட்டிடமான அரவிந்த பவனத்தைச் சுற்றி மாணவர்களும் மாணவிகளும் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே துணைவேந்தர்; வெளியே பாட்டும் கோஷமும். மறுநாள் பொழுது விடிவதற்குள் போலீசார் உள்ளே நுழைந்தார்கள். அடி விழுந்தது, பலர் கைது ஆனார்கள். 20-ந் தேதி கொட்டும் மழையில் கல்கத்தா வீதிகளில் மாணவர் ஊர்வலம் கவர்னரைப் பார்க்கப் புறப்பட்டது. 'ஹோக் கலரவ்', அதாவது 'முழக்கம் எழட்டும்' என்ற வங்காளிச் சொல் நாடு முழுவதும் பரவியது. 2015 ஜனவரி 12-ந் தேதி முதல்-மந்திரி மம்தா பானர்ஜி பல்கலைக் கழகத்துக்கே நேரில் வந்து, துணைவேந்தர் ராஜினாமா செய்வதாக அறிவித்தார்.

மழை, தடியடி, ராஜினாமா எல்லாம் பத்திரிகைகளில் கொட்டை எழுத்தில் வந்தன. மாணவர்கள் முதலில் கேட்டது என்ன என்பது அந்தச் சத்தத்தில் சற்று அமுங்கிப் போயிற்று. ஆகஸ்டு 28-ந் தேதி வளாகத்துக்குள் ஒரு மாணவி மானபங்கம் செய்யப்பட்டதாகப் புகார் எழுந்திருந்தது. அதை விசாரிக்கும் உள் புகார்க் குழுவின் மீது நம்பிக்கை இல்லை என்றார்கள் மாணவர்கள். புகார் கொடுத்த பெண்ணிடம் கேட்கக் கூடாத கேள்விகளைக் கேட்டதாகக் குழு உறுப்பினர்கள் மீதே குற்றம் சாட்டினார்கள். பாரபட்சம் இல்லாத வேறு குழு வேண்டும் என்பதுதான் கோரிக்கை. தண்டனை அதற்குப் பிறகுதான். புகாரைக் கேட்க உட்காருபவர் யார்? ஜாதவ்பூர் கேட்டது இதைத்தான்.

இதே கேள்வியை வைத்து 2019 டிசம்பரில் அமெரிக்காவில் ஒரு படம் வந்தது. பெயர் 'பாம்ப்ஷெல்'. வெடிகுண்டு என்று ஓர் அர்த்தம். பார்த்தவுடன் ஆண்களைத் தடுமாற வைக்கும் அழகி என்று கொச்சையில் இன்னோர் அர்த்தம். இரண்டும் பொருந்தும்படிதான் பெயர் வைத்திருக்கிறார்கள்.

நடந்த கதை

'பாக்ஸ் நியூஸ்' அமெரிக்காவின் மிகப் பெரிய செய்தி டெலிவிஷன்களில் ஒன்று. அதை 1996-ல் தொடங்கி நடத்தியவர் ரோஜர் ஏல்ஸ். நிக்சன், ரீகன், புஷ் என்று மூன்று பேர் ஜனாதிபதி ஆவதற்குப் பிரசார யோசனை சொன்ன மனிதர். டெலிவிஷன் என்றால் கண்ணுக்கு விருந்து என்பது அவருடைய கொள்கை. செய்தி வாசிக்கும் பெண்களின் கால்கள் தெரிய வேண்டும் என்பதற்காக மேஜைகளைக் கூடக் கண்ணாடி போலத் தெளிவாக வைத்தார்கள் என்று படம் காட்டுகிறது. பெண்களுக்குப் பாவாடைதான் உடை, பேண்ட் கிடையாது.

அங்கே 2005-ல் வேலைக்குச் சேர்ந்தவர் கிரெச்சன் கார்ல்சன். 1989-ம் ஆண்டின் 'மிஸ் அமெரிக்கா'. நன்றாகப் பிடில் வாசிப்பவர். ஸ்டான்போர்டு பல்கலைக் கழகத்தில் படித்தவர். காலை நிகழ்ச்சியைத் தன்னுடன் நடத்திய ஆண் தன்னை மட்டமாக நடத்துவதாக மேலிடத்தில் முறையிட்டதாகவும், அதற்குப் பதிலாக, ஆண்களோடு ஒத்துப் போகத் தெரியாதவள் என்ற பட்டமே ஏல்சிடமிருந்து கிடைத்ததாகவும் அவர் பின்னால் தன் வழக்கு மனுவில் கூறினார். 2013-ல் காலை நிகழ்ச்சியிலிருந்து மாற்றினார்கள். 2016 ஜூன் 23-ந் தேதி வேலையே போயிற்று.

மெமோ வாங்கிப் பழகிய குமாஸ்தாக்களுக்கு இந்த வரிசை புதிதாக இருக்காது. முதலில் முகம் சுளிப்பு, பிறகு இடமாற்றம், கடைசியில் சீட்டுக் கிழிப்பு. ஒவ்வொன்றுக்கும் ஆபீஸ் காரணம் ஒன்று எழுதப்பட்டிருக்கும்.

இரண்டு வாரத்தில், ஜூலை 6-ந் தேதி, கார்ல்சன் கோர்ட்டுக்குப் போனார். ஏல்சின் ஆசைக்கு இணங்க மறுத்ததால்தான் பழிவாங்கப்பட்டேன் என்பது வழக்கு. இதில் ஒரு வக்கீல் சாமர்த்தியம் உண்டு. கம்பெனியோடு உள்ள தகராறு எதுவானாலும் மத்தியஸ்தர் முன்பு மூடிய அறையில்தான் பேச வேண்டும், வெளியே மூச்சு விடக் கூடாது என்று அவருடைய வேலை ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து இருந்தது. ஆகவே கம்பெனியை விட்டுவிட்டு ஏல்ஸ் என்ற தனி மனிதர் மேல் வழக்குத் தொடுத்தார். பூட்டிய கதவைச் சுற்றிக் கொண்டு ஜன்னல் வழியாக வெளியே வந்த கதை.

இந்த ஷரத்துதான் விவகாரத்தின் முடிச்சு. இருபது வருஷமாக ஓர் ஆபீசில் பல பெண்களுக்குத் தொல்லை நடந்தது என்றால் எப்படி வெளியே தெரியாமல் இருந்தது என்று கேட்கத் தோன்றும். புகார் சொன்னவள் பணம் வாங்கிக் கொண்டு, பேச மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டு விட்டுப் போவாள். அடுத்து வருகிறவளுக்கு முன்னவள் கதை தெரியாது. தனக்கு மட்டும்தான் இப்படி நேர்ந்தது, தன்னிடம்தான் ஏதோ குறை என்று நினைத்துக் கொண்டிருப்பாள்.

வழக்குச் செய்தி வெளிவந்ததும் வேறு பல பெண்கள் வாய் திறந்தார்கள். அந்த டெலிவிஷனின் முன்னணி நட்சத்திரமான மேகின் கெல்லியும் விசாரணை நடத்திய வக்கீல்களிடம் தன் அனுபவத்தைச் சொன்னார். ஜூலை 21-ந் தேதி ஏல்ஸ் ராஜினாமா செய்தார். வழக்குப் போட்ட நாளிலிருந்து பதினைந்தே நாள். செப்டம்பரில் கார்ல்சனுக்கு 2 கோடி டாலர் நஷ்டஈடும் பகிரங்க மன்னிப்பும் கிடைத்தன. அன்றைய மதிப்பில் சுமார் 130 கோடி ரூபாய். குற்றச்சாட்டுகளை ஏல்ஸ் கடைசி வரை மறுத்தார். 2017 மே மாதம் அவர் காலமானார்.

திரையில்

ஜெய் ரோச் டைரக்ட் செய்த படத்தில் கார்ல்சனாக நிக்கோல் கிட்மன், கெல்லியாக சார்லிஸ் தெரோன், ஏல்சாக ஜான் லித்கோ நடித்திருக்கிறார்கள். மூன்றாவது கதாநாயகி மார்கோ ராபி. அவர் ஏற்ற கெய்லா என்ற பாத்திரம் மட்டும் கற்பனை; பல பெண்களின் அனுபவத்தைத் திரட்டி ஒருத்தியாக ஆக்கியது. தெரோனை அசல் கெல்லியாகவே மாற்றிய ஒப்பனைக்கு 2020-ல் ஆஸ்கார் பரிசு கிடைத்தது.

படம் முழுவதும் ஒரே சீராக இருக்கிறது என்று சொல்ல முடியாது. முதல் அரைமணி நேரத்தில் பெயர்கள் மளமளவென்று வந்து விழுகின்றன. 2016 அமெரிக்கத் தேர்தல் சண்டை தெரியாதவர்கள் கொஞ்சம் திணறுவார்கள். ஆனால் ஓர் அறையில் நடக்கும் ஒரு காட்சி போதும், கொடுத்த காசுக்கு. திரையில் தோன்ற வேண்டும் என்ற ஆசையில் கெய்லா ஏல்சின் அறைக்குப் போகிறாள். கதவு சாத்தப்படுகிறது. எழுந்து நில், சுற்றிக் காட்டு என்கிறார். பிறகு பாவாடையைச் சற்று உயர்த்து என்கிறார். இன்னும் கொஞ்சம் என்கிறார். தொடவில்லை, கத்தவில்லை. வேலை விஷயம் பேசும் அதே குரல். சிரித்துச் சமாளிக்கப் பார்க்கும் அந்தப் பெண்ணின் முகம் மெள்ள மெள்ள உடைகிறது. கற்பழிப்புக் காட்சிகளை வில்லன் சிரிப்போடும் இடியோடும் மின்னலோடும் பார்த்துப் பழகிய நமக்கு, ஆபத்து இவ்வளவு அமைதியாகவும் வரும் என்பது புதிய பாடம்.

அந்த அறைக்கு வெளியே ஒரு வயதான பெண் காரியதரிசி உட்கார்ந்திருக்கிறாள். வருகிறவர்களை உள்ளே அனுப்புவது அவள்தான். டைரக்டர் அவள் மேல் அதிக நேரம் செலவிடவில்லை, செலவிட்டிருக்கலாம். எந்த ஆபீசிலும் பெரிய அறைக்குள் நடப்பது வெளி அறையில் டைப் அடிக்கிறவருக்கும் பியூனுக்கும் தெரியாமல் இராது. யார் உள்ளே போனார்கள், எத்தனை நேரம் இருந்தார்கள், எந்த முகத்தோடு வெளியே வந்தார்கள் என்பதெல்லாம் அவர்கள் கண்ணில் படும். மாதச் சம்பளம் அவர்கள் வாயைக் கட்டிவிடுகிறது.

பெண்கள் எல்லாரும் ஒன்று சேர்ந்து கொடி பிடித்தார்கள் என்று படம் காட்டவில்லை. அது அதன் நேர்மை. ஏல்சுக்கு ஆதரவு தேடி அலைகிறவர்களும் பெண்களே. மூன்று கதாநாயகிகளும் ஒரே லிப்டில் ஏறுகிறார்கள். ஒருவரோடு ஒருவர் மனம் விட்டு ஒரு வார்த்தை பேசவில்லை. இத்தனை நாள் நீங்கள் பேசாமல் இருந்ததால்தானே எங்களுக்கு இந்தக் கதி என்று கெய்லா கெல்லியைக் கேட்கும் இடம் சுருக்கென்று தைக்கிறது. கெல்லியிடம் சரியான பதில் இல்லை.

படம் தயாரானபோது அசல் கார்ல்சன் அதற்கு எந்த உதவியும் செய்ய முடியவில்லை. நஷ்டஈட்டோடு சேர்ந்து வந்த, வாய் திறக்கக் கூடாது என்ற ஒப்பந்தம் அவரைத் தடுத்தது. தன் கதையைத் தானே சொல்ல முடியாதபடி ஒரு பெண். பிறகு அவர் அந்த மத்தியஸ்த ஷரத்தை எதிர்த்தே பிரசாரம் செய்தார். 2022 மார்ச்சில் அமெரிக்காவில் புதுச் சட்டம் வந்தது. பாலியல் தொல்லைப் புகாரில் மூடிய அறை மத்தியஸ்தத்தைப் பெண் மேல் திணிக்க முடியாது. விரும்பினால் அவள் நேரே கோர்ட்டுக்குப் போகலாம்.

ஆரதியும் எடித்தும்

கல்கத்தாவில் இருப்பவர்களுக்கு இந்த முதலாளி அறை வேறொரு படத்தை நினைவுபடுத்தும். சத்யஜித் ராய் 1963-ல் எடுத்த 'மகாநகர்'. தையல் பின்னல் மிஷினை வீடு வீடாகப் போய் விற்கும் ஆரதி (மாதவி முகர்ஜி) நடுத்தரக் குடும்பத்து மருமகள். கணவனுக்கு பாங்க் வேலை போய்விட்டது. வீட்டில் சம்பாதிப்பது அவள் ஒருத்திதான். கூட வேலை செய்யும் எடித் என்ற ஆங்கிலோ இந்தியப் பெண்ணை, நடத்தை சரியில்லை என்று பழி சுமத்தி முதலாளி நீக்கிவிடுகிறார். ஆரதி அவர் அறைக்குப் போய், எடித்திடம் மன்னிப்புக் கேளுங்கள் என்கிறாள். முதலாளி மறுக்கிறார். ராஜினாமாக் கடிதத்தை நீட்டிவிட்டு வெளியே வருகிறாள்.

அந்த முதலாளி ஏல்ஸ் மாதிரி ஆள் இல்லை. ஆரதியிடம் அன்பாகவே இருக்கிறார். அவள் புருஷனுக்குக் கூட வேலை தருவதாகச் சொல்கிறார். ஆனால் ஒரு பெண்ணின் நடத்தைக்குச் சாட்சியும் அவரே, நீதிபதியும் அவரே. அப்பீல் செய்யவும் அவர் அறைக்குத்தான் போக வேண்டும். 1963-ல் ஆரதிக்கு வேறு கதவு இல்லை. வேலையை விடுவதுதான் வழி.

அந்த வேறு கதவு திறக்க முப்பத்து நாலு வருஷம் ஆயிற்று. திறந்து வைத்தது ராஜஸ்தானில் பட்டேரி கிராமத்தைச் சேர்ந்த பன்வாரி தேவி என்ற ஏழைப் பெண். அரசின் மகளிர் திட்டத்தில் ஊழியராக இருந்தவர். தன் கடமையாகக் குழந்தைக் கல்யாணத்தைத் தடுக்கப் போனதற்காக 1992 செப்டம்பரில் மேல்ஜாதிக்காரர்களால் கற்பழிக்கப்பட்டார் என்பது வழக்கு. 1995-ல் கீழ்க்கோர்ட்டு அவர்களைக் கற்பழிப்புக் குற்றத்திலிருந்து விடுதலை செய்தது. அவரை முன்னிட்டுப் பெண்கள் அமைப்புகள் தொடர்ந்த 'விசாகா' வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு 1997 ஆகஸ்டு 13-ந் தேதி தீர்ப்பளித்தது. வேலை செய்யும் இடங்களில் புகார்க் குழு வேண்டும், தலைமை பெண்ணிடம் இருக்க வேண்டும், வெளியாள் ஒருவர் அதில் சேர வேண்டும் என்றது. முழுச் சட்டம் 2013-ல்தான் வந்தது. அந்த ஆண்டு டிசம்பர் 9-ந் தேதி அமலுக்கு வந்தது.

அந்தக் கதவு இல்லாத காலத்துச் சம்பவம் ஒன்று 2021-ல் டெல்லி கோர்ட்டில் பேசப்பட்டது. எம்.ஜே.அக்பர் 1982-ல் கல்கத்தாவில் 'டெலிகிராப்' பத்திரிகையைத் தொடங்கிய ஆசிரியர். பின்னாளில் மத்திய மந்திரி. 1993-ல் வேலைக்கான பேட்டி என்று பம்பாய் ஓட்டலுக்கு அழைத்து அவர் தன்னிடம் தகாத முறையில் நடந்ததாகப் பத்திரிகையாளர் பிரியா ரமணி கூறினார். வேறு பல பெண்களும் பேசவே, 2018 அக்டோபரில் அக்பர் மந்திரி பதவியை விட்டார். குற்றச்சாட்டைப் பொய் என்று மறுத்து, ரமணி மேல் அவதூறு வழக்குப் போட்டார். 2021 பிப்ரவரி 17-ந் தேதி கோர்ட்டு ரமணியை விடுதலை செய்தது. எத்தனை வருஷம் கழித்தும், எந்த மேடையிலும் பெண் தன் குறையைச் சொல்லலாம் என்றது தீர்ப்பு. சம்பவம் நடந்ததாகச் சொல்லப்படும் காலத்தில் விசாகா வழிமுறையே கிடையாது என்பதையும் மாஜிஸ்திரேட் கணக்கில் எடுத்துக் கொண்டார். அக்பர் மேல்முறையீடு செய்தார்.

தமிழ் டெலிவிஷனும் இதற்கு விலக்கு இல்லை. 2013 மார்ச்சில் சென்னையில் ஒரு பெரிய தனியார் டெலிவிஷனின் செய்தி ஆசிரியர், அங்கு பணிபுரிந்த செய்தி வாசிப்பாளர் கொடுத்த பாலியல் தொல்லைப் புகாரின் பேரில் கைது செய்யப்பட்டார். அந்தப் பெண் போலீசுக்குத்தான் போக வேண்டியிருந்தது. புதுச் சட்டம் அப்போது அமலில் இல்லை.

சட்டம் சொல்வது

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த இடத்திலும் உள் புகார்க் குழு இருந்தாக வேண்டும். தலைவர் அங்குள்ள மூத்த பெண் அதிகாரி. உறுப்பினரில் பாதிக்குக் குறையாமல் பெண்கள். கம்பெனிச் சம்பளம் வாங்காத வெளியாள் ஒருவர் கட்டாயம். மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் தரலாம். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். விசாரணை நடக்கும்போது அந்தப் பெண் கேட்டால் இடமாற்றமோ, மூன்று மாதம் வரை விடுமுறையோ சிபாரிசு செய்யலாம். குழு அமைக்காத முதலாளிக்கு 50 ஆயிரம் ரூபாய் வரை அபராதம். நிரூபிக்க முடியாமல் போயிற்று என்பதற்காக மட்டும் புகார் கொடுத்தவளைத் தண்டிக்க முடியாது.

முதலாளி மேலேயே புகார் என்றால்? அதற்கும் சட்டத்தில் இடம் உண்டு. மாவட்டந்தோறும் உள்ளூர்ப் புகார்க் குழு என்று ஒன்று வேண்டும். பத்துப் பேருக்குக் குறைவான கடைகள், பட்டறைகள், சிறு ஆபீசுகளில் வேலை செய்பவர்களும், முதலாளியால் தொல்லைக்கு ஆளானவர்களும் அங்கே போகலாம். கார்ல்சன் ஜன்னல் வழியாக வெளியே வர வேண்டியிருந்தது. இங்கே காகிதத்திலாவது வாசல் இருக்கிறது.

காகிதத்தில் என்று சொல்லக் காரணம் உண்டு. சட்டம் வந்து பதினோரு வருஷம் கழித்து, 2024 டிசம்பர் 3-ந் தேதி, ஒவ்வொரு மாவட்டத்திலும் இதற்கான அதிகாரியை அந்த மாத இறுதிக்குள் நியமியுங்கள், 2025 ஜனவரி 31-க்குள் உள்ளூர்க் குழுவை அமையுங்கள் என்று சுப்ரீம் கோர்ட்டு மாநிலங்களுக்குக் கெடு விதிக்க வேண்டியிருந்தது. குழு இருந்தாலும் அதை அமைக்கும் பேனா நிர்வாகத்தின் கையில்தான். ஜாதவ்பூர் மாணவர்கள் பிடித்துக் கொண்டது இந்த இடத்தைத்தான். சட்டப்படி குழு இருந்தது. அதில் உட்கார்ந்திருப்பவர்களை நம்பிக் கதவைத் தட்ட முடியுமா என்பதே அவர்களுடைய சந்தேகம்.

2024 ஆகஸ்டு 14-ந் தேதி நள்ளிரவில் ஜாதவ்பூர் 8-பி பஸ் நிலையம் மறுபடி நிரம்பியது. ஐந்து நாட்களுக்கு முன்பு ஆர்.ஜி.கர் ஆஸ்பத்திரியில் இரவு டியூட்டியில் இருந்த இளம் பெண் டாக்டர் கற்பழித்துக் கொல்லப்பட்டதைக் கண்டித்துக் குடும்பப் பெண்களும் மாணவிகளும் வேலைக்குப் போகும் பெண்களும் வீதிக்கு வந்தார்கள். அது பாலியல் தொல்லை என்ற சொல்லில் அடங்காத கொடுமை. ஆனால் டியூட்டி பார்க்கும் இடத்தில் பெண்ணுக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி அங்கும் எழுந்தது.

லேக் மார்க்கெட், ராஷ்பிஹாரி பக்கம் குடியிருக்கும் நம்மவர் வீடுகளிலிருந்து பெண்கள் இன்று பாங்குகளுக்கும் சால்ட் லேக் கம்பெனிகளுக்கும் போகிறார்கள். அங்கெல்லாம் பெரும்பாலும் நோட்டீஸ் போர்டில் குழு உறுப்பினர் பெயர்களை ஒட்டியிருப்பார்கள். ஒட்ட வேண்டும் என்பது சட்டம். வெளியாள் யார் என்று ஒருமுறை நின்று படித்துவிட்டுப் போவதில் நஷ்டம் இல்லை.

நோட்டீஸ் போர்டே இல்லாத வேலைக்காரிகளும் இருக்கிறார்கள். விடியற்காலை கானிங் பக்கத்திலிருந்து வரும் லோக்கல் ரயில்கள் ஜாதவ்பூர் ஸ்டேஷனில் நின்றால், பிளாட்பாரம் நிறையப் பெண்கள் இறங்குகிறார்கள். நாலைந்து வீடுகளில் பாத்திரம் தேய்த்து, துணி துவைத்துவிட்டு மத்தியானம் திரும்பும் பெண்கள். வீட்டுக்காரர் ஒரே ஆள், முதலாளியும் அவரே. 2013 சட்டம் இவர்களையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. இவர்கள் போக வேண்டிய இடம் உள்ளூர்க் குழு. புகார் எழுத்து மூலம் இருக்க வேண்டும் என்பது விதி. எழுத முடியாதவர் வாயால் சொன்னால், அதை எழுத்தில் கொண்டு வரக் குழுவின் தலைவரோ உறுப்பினரோ உதவி செய்தே ஆக வேண்டும் என்கிறது 9-வது பிரிவு.